ரோடு பைக் ஃப்ரேம் ஜியோமெட்ரியும் உடம்புக்கு இசைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோடு பைக் வாங்க வருபவர்கள் கியர் எத்தனை, கார்பனா அலுமினியமா, எடை எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். ஜியோமெட்ரி அட்டவணை என்று ஒன்று அதே பக்கத்தின் அடியில் இருக்கும். அதை யாரும் திறப்பதில்லை. கியரைப் பிறகு மாற்றலாம். சக்கரம், சீட், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் மாற்றலாம். ஃப்ரேமின் நீளமும் கோணமும் மட்டும் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டவை. முதல் ரோடு பைக் வாங்கப் போகிறவர்களையும், வாங்கிய பின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு திரிபவர்களையும் மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன்.

அட்டவணையில் இருபது எண்கள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது?

முதலில் இரண்டே இரண்டு: ஸ்டாக், ரீச். பெடலைத் தாங்கும் கிராங்க் சுற்றும் அச்சுதான் பாட்டம் பிராக்கெட். அதன் மையத்திலிருந்து ஹெட் டியூபின் (முன்ஃபோர்க்கின் தண்டு நுழையும் குழாய்) மேல் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். அதே மையத்திலிருந்து அந்த விளிம்பு முன்பக்கமாக எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது ரீச். கைகள் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தூரத்தில் போய் நிற்கும் என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. டிரையத்லான் பைக் உலகத்தில் பெயர் பெற்ற டான் எம்ஃபீல்ட் முன்வைத்த அளவுமுறை இது. இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் இதைத் தருகின்றன. தராத நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். கேட்டும் தரவில்லை என்றால் வேறு பைக் பாருங்கள்.

சீட் டியூப் (சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் தண்டு, நுழையும் குழாய்) கோணம், ஹெட் டியூப் கோணம், வீல்பேஸ் (இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம்) இவையெல்லாம் அப்புறம்.

54, 56 என்று சைஸ் போட்டிருக்கிறார்களே, அது போதாதா?

போதாது. ஹெட் டியூபையும் சீட் டியூபையும் மேலே இணைக்கும் டாப் டியூப் தரைக்கு இணையாக இருந்த காலத்தில் அந்த எண் சீட் டியூபின் நீளத்தை செ.மீ.யில் குறித்தது. அதற்கு ஒரு பொருளும் இருந்தது. 1990களில் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் மைக் பர்ரோஸ் தைவானின் ஜயன்ட் நிறுவனத்துக்காக டி.சி.ஆர். பைக்கை வடிவமைத்தார். பின்பக்கம் சாய்ந்து இறங்கும் டாப் டியூப், குட்டையான சீட் டியூப், நீளமான சீட் போஸ்ட். அந்த வடிவம் எல்லோருக்கும் பிடித்துப்போக, சீட் டியூப் நீளத்தால் பைக்கை அளப்பது அர்த்தம் இழந்தது. இன்று 54 என்பது ஒரு பெயர்தான். ஒரு நிறுவனத்தின் 54-ம் இன்னொன்றின் 54-ம் ஸ்டாக்கில் 3, 4 செ.மீ. வேறுபடலாம். செருப்பு சைஸ் மாதிரி நம்பி இணையத்தில் ஆர்டர் போடுவதுதான் ஆபத்து.

இரண்டு ஃப்ரேம்களை எப்படி ஒப்பிடுவது?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் ஃப்ரேமில் ஸ்டாக் 545 மி.மீ., ரீச் 385 மி.மீ. இரண்டாவதில் ஸ்டாக் 575, ரீச் 375. இரண்டாவது 10 மி.மீ. குட்டை என்று தோன்றும். ஆனால் உங்கள் கை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை ஃப்ரேம் முடிவு செய்வதில்லை, உங்கள் முதுகு முடிவு செய்கிறது. இரண்டாவது ஃப்ரேமில் ஸ்பேசரே (உயர்த்த அடுக்கும் வளையங்கள்) இல்லாமல் கிடைக்கும் உயரம் முதல் ஃப்ரேமில் வேண்டும் என்றால், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெமுக்கு அடியில் 30 மி.மீ. ஸ்பேசர் போட வேண்டும். ஹெட் டியூப் செங்குத்தாக இல்லை. சுமார் 73 டிகிரியில் பின்னால் சாய்ந்திருக்கிறது. அதனால் ஸ்டெம் மேலே ஏற ஏறப் பின்னாலும் வருகிறது. 10 மி.மீ. ஏறினால் 3 மி.மீ. பின்வாங்கும். 30 ஏறினால் 9. ஆக முதல் ஃப்ரேமின் ரீச் அந்த உயரத்தில் 376 ஆகிவிடுகிறது. இரண்டும் ஒன்றுதான்!

ஸ்டாக்கை முதலில் சமப்படுத்திவிட்டு, அப்புறம்தான் ரீச்சை ஒப்பிட வேண்டும். ஹெட் டியூபில் பொருந்தும் பேரிங் தொகுதியான ஹெட்செட்டின் மேல்மூடியின் உயரத்தை ஸ்டாக்கில் சேர்ப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சில பைக்குகளில் அது தடிமனாகவே வரும்.

கடையில் 'டாப் டியூப் நீளம்' என்று சொல்கிறார்களே?

அது பழைய பழக்கம். முற்றிலும் தவறில்லை, ஆனால் ஏமாற்றும். ஹெட் டியூபின் உச்சியிலிருந்து சீட் போஸ்ட் வரை கிடைமட்டமாக அளக்கும் நீளத்தில் சீட் டியூப் கோணமும் கலந்துவிடுகிறது. ஸ்டாக் 550 என்று வைத்துக்கொண்டால், சீட் டியூப் கோணம் 1 டிகிரி மாறினாலே ரீச் சுமார் 10 மி.மீ. மாறும். டாப் டியூப் இரண்டிலும் 545 என்றிருக்கும். ஒன்றின் சீட் டியூப் 73 டிகிரி, மற்றதில் 74.5. இரண்டாவதை வாங்கி, சீட்டைத் தன் கால்களுக்குச் சரியான இடத்துக்குப் பின்னால் தள்ளியதும் ஹேண்டில்பார் தூரமாகிவிடும். 'அட்டவணையில் சரியாகத்தானே இருந்தது' என்று குழம்புவார்கள்.

என் உயரம் 170 செ.மீ. எந்த சைஸ் வாங்கட்டும்?

உயரம் மட்டும் சொன்னால் பதில் அரைகுறைதான். பெரும்பாலும் 52 அல்லது 54 என்று வரும். கால் நீளத்தையும் அளந்துவிட்டு வாருங்கள். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நில்லுங்கள், தடித்த புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே சீட்டில் உட்காரும் அழுத்தத்தோடு மேலே இழுத்துப் பிடியுங்கள், அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளவெடுங்கள்.

அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரால் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு: கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால் பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் வரும். கால் 79 செ.மீ. என்றால் சீட் உயரம் சுமார் 69.8 செ.மீ. இது தொடக்கப் புள்ளி மட்டும்தான். ஷூ, பெடல், கிராங்க் நீளம் எல்லாம் சில மி.மீ. மாற்றும்.

இப்போது ஒரே உயரமுள்ள இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கால் 76, இன்னொருவருக்கு 82. சீட் உயரத்தில் மட்டும் 5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம். ஒரே ஃப்ரேமை இருவருக்கும் கொடுத்தால், நீளக் கால்காரர் தன் சீட்டிலிருந்து ஹேண்டில்பாரை நோக்கிப் பள்ளத்தில் குனிவதுபோல் குனிய வேண்டியிருக்கும். அவருக்கு ஸ்டாக் அதிகமாகவும் ரீச் குறைவாகவும் உள்ள ஃப்ரேம் வேண்டும். குட்டைக் கால், நீள உடம்பு உள்ளவருக்கு நேர்மாறு. 'உயரம் 165 முதல் 172 வரை: எம் சைஸ்' என்று போட்டிருக்கும் அட்டவணைக்கு இந்த இருவரும் ஒன்றுதான்.

இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். சிறியதா, பெரியதா?

'சந்தேகம் வந்தால் சிறியதை எடு' என்பது பந்தயக்காரர்கள் சொல்லிவைத்த வழி. அவர்கள் தாழ்வாகக் குனிந்து ஓட்டப் பழகியவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் 60 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது அப்படியே பொருந்தாது. என் அளவுகோல் இது: சிறிய ஃப்ரேமில் 30 மி.மீ. ஸ்பேசரும் மேல்நோக்கிய ஸ்டெமும் போட்டால்தான் வசதி என்றால் பெரியதை எடுங்கள். பெரிய ஃப்ரேமில் 80 மி.மீ. ஸ்டெம் போட்டும் கை நீட்ட வேண்டியிருக்கிறது என்றால் சிறியதை எடுங்கள். ஸ்பேசரை இஷ்டத்துக்கு அடுக்கவும் முடியாது. கார்பன் ஃபோர்க்குகளுக்கு நிறுவனங்கள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன.

ரேஸ் பைக், எண்டூரன்ஸ் பைக்: உண்மையில் என்ன வித்தியாசம்?

56 சைஸில் ஒரு ரேஸ் பைக்கின் ஸ்டாக் 565 மி.மீ. அளவிலும் ரீச் 390-395 அளவிலும் இருக்கும். அதே சைஸ் எண்டூரன்ஸ் பைக்கில் ஸ்டாக் 590-605, ரீச் 375-385. கை 3 செ.மீ. உயர்கிறது, 1 செ.மீ. கிட்ட வருகிறது. ஸ்டாக்கை ரீச்சால் வகுத்தால் 1.45-க்குக் கீழே வருவது ரேஸ் பக்கம், 1.5-க்கு மேலே வருவது எண்டூரன்ஸ் பக்கம் என்று தோராயமாகப் பிரிக்கலாம். எண்டூரன்ஸ் பைக்கின் செயின்ஸ்டே (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய்) சற்று நீளம், வீல்பேஸ் சற்று நீளம், அகலமான டயருக்கு இடமும் அதிகம்.

மெதுவாகப் போகுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். காற்றை எதிர்ப்பதில் பெரும் பங்கு உங்கள் உடம்புக்கு, ஃப்ரேமுக்கு அல்ல. உயரமான ஹேண்டில்பாரில் முழங்கையை மடித்துக் குனிந்து இரண்டு மணி நேரம் ஓட்ட முடிகிறவர், தாழ்ந்த ஹேண்டில்பாரில் இருபது நிமிடம் குனிந்துவிட்டு மிச்ச நேரம் நிமிர்ந்து உட்காருபவரை விட வேகமாகவே போவார். ட்ராப் எனப்படும் வளைந்த ஹேண்டில்பாரின் கீழ்வளைவை நீங்கள் ஒருநாளும் பிடிப்பதில்லை என்றால் உங்கள் ஹேண்டில்பார் தேவைக்கு மேல் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

200 கி.மீ. பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டத் திட்டமிட்டிருந்தால், அதற்கு 13 மணி 30 நிமிட அவகாசம் தருகிறார்கள். அவ்வளவு நேரம் கழுத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எண்டூரன்ஸ் பைக் வாங்கக் கூச்சமே வேண்டாம்.

கார்பன் ஃப்ரேம் அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும், அலுமினியம் முதுகை உடைத்துவிடும் என்கிறார்களே?

விளம்பரத்தில் இருக்கும் அளவுக்கு உண்மை இல்லை. முக்கோணங்களைச் சேர்த்துக் கட்டிய ஃப்ரேம் மேலிருந்து கீழாக மிகக் கொஞ்சமே நெளியும். குழி, மேட்டின் அடி உங்களிடம் வந்து சேரும் வழியில் முதலில் டயர், பிறகு சீட் போஸ்ட், சீட், ஹேண்டில்பாரில் சுற்றிய பட்டி எல்லாம் இருக்கின்றன. இவை ஃப்ரேமை விடப் பல மடங்கு விட்டுக்கொடுக்கும். சாய்ந்த டாப் டியூப் உள்ள ஃப்ரேம் இதம் தருவதற்கு ஒரு காரணம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சீட் போஸ்ட் நீளமாக இருப்பது. மெல்லிய 27.2 மி.மீ. கார்பன் போஸ்ட் என்றால் அந்த நெளிவு நன்றாகவே தெரியும்.

பிரான்சின் பாரிஸ்-ரூபே பந்தயத்தைப் பாருங்கள். 250 கி.மீ.க்கு மேல் தூரம், அதில் 50 கி.மீ.க்கும் அதிகம் கரடுமுரடான கல் பாவிய பாதை. 2013-ல் ஃபேபியன் கான்செலாரா அதை வென்றது டிரெக் டொமானேயில். சீட் டியூபை டாப் டியூபிலிருந்து பிரித்து அசையவிடும் அமைப்பு கொண்ட எண்டூரன்ஸ் பைக் அது. அந்தக் காலகட்டத்தில் பல நிறுவனங்கள் ரூபேக்கென்று தனி ஃப்ரேம் செய்துகொண்டிருந்தன. பத்து வருடம் கழித்து, 2023-ல் மாத்யூ வான் டெர் புல் அதே பந்தயத்தை வென்றது கேன்யன் ஏரோடில். அது காற்றைக் கிழிக்கவென்றே செய்த ரேஸ் பைக். 2024, 2025-லும் அவரேதான் வென்றார். நடுவில் மாறியது முக்கியமாக டயர்: அகலமான டியூப்லெஸ் (உள்டியூப் இல்லாத டயர்), குறைந்த காற்றழுத்தம்.

ஆகவே ஃப்ரேம் வாங்கும்போது 'எவ்வளவு மெத்தென்று இருக்கும்' என்று கேட்காதீர்கள். 'எத்தனை மி.மீ. டயர் உள்ளே போகும்' என்று கேளுங்கள். 32 போகும் என்றால் நம் ஊர்ச் சாலைகளுக்கும் வேகத்தடைகளுக்கும் அது ஒரு வரம். 25-க்கு மேல் போகாத பழைய ரிம் பிரேக் ஃப்ரேம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில் 70 பி.எஸ்.ஐ. ஒட்டி வைத்தால் போதும். இன்னும் 110, 120 என்று கல்லாக அடித்துவிட்டு ஃப்ரேமைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹூக்லெஸ் ரிம் (டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ரிம்) என்றால் 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் அடிக்கவே கூடாது.

ஹெட் டியூப் கோணம், டிரெயில் இதெல்லாம் எனக்கு எதற்கு?

இவை உட்காரும் வசதியைத் தொடுவதில்லை. பைக் திரும்பும் குணத்தைத் தீர்மானிக்கின்றன. ஹெட் டியூபின் சாய்வை நேர்கோடாகத் தரை வரை நீட்டினால் அது தொடும் புள்ளி, முன்டயர் தரையைத் தொடும் புள்ளிக்கு முன்னால் இருக்கும். இடைப்பட்ட தூரம் டிரெயில். அது கூடினால் பைக் நேராகப் போக விரும்பும், குறைந்தால் சட்டென்று திரும்பும். ரோடு பைக்கில் 55 முதல் 60 மி.மீ. வழக்கம். 73 டிகிரி ஹெட் டியூபும் 45 மி.மீ. ஃபோர்க் ஆஃப்செட்டும் (அந்தச் சாய்வுக்கோட்டிலிருந்து முன்சக்கர அச்சு முன்னால் தள்ளி இருக்கும் தூரம்) சேர்ந்தால் சுமார் 56 வரும். கோணத்தை மட்டும் 71 ஆக்கினால் 68-க்குப் போய்விடும்.

நம் ஊர் கறுப்பு ஹெர்குலிஸை ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். நன்றாகச் சாய்ந்த ஹெட் டியூப், நீண்ட வீல்பேஸ், 28 அங்குலச் சக்கரம், ஸ்பிரிங் சீட். கேரியரில் அரிசி மூட்டை இருந்தாலும் தன்பாட்டுக்கு நேராகப் போகும், குழியில் இறங்கி ஏறும். அதுவும் ஜியோமெட்ரிதான், மோசமான சாலையில் நிதானமாகப் போவதற்கென்று எடுத்த முடிவு. அதில் இருந்து நேராக ரேஸ் பைக்குக்கு மாறுகிறவர்களுக்கு முதல் சில நாள் ஹேண்டில்பார் நடுங்குவதுபோல் இருக்கும். பழகிவிடும்.

நான் 155 செ.மீ. உயரம். சின்ன சைஸ் வாங்கியும் கை எட்டவில்லை, திரும்பும்போது கால் சக்கரத்தில் இடிக்கிறது.

உங்கள் மேல் தவறில்லை. ஃப்ரேம் சிறியதாகிறது, ரோடு பைக்கின் வழக்கமான 700 சி சக்கரம் சிறியதாவதில்லை. பெடலில் இருக்கும் கால் நுனிக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே இடம் வேண்டுமென்று ஹெட் டியூபை 70, 71 டிகிரிக்குச் சாய்க்கிறார்கள். டாப் டியூபை அட்டவணையில் குறைத்துக் காட்ட சீட் டியூபை 74, 75 டிகிரிக்கு நிமிர்த்துகிறார்கள். ரீச் பெரிதாகக் குறைவதில்லை. பல நிறுவனங்களின் மிகச்சிறிய இரண்டு சைஸ்களில் ரீச் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள், சில மி.மீ. வித்தியாசம்தான் இருக்கும்.

சரியான தீர்வு சின்னச் சக்கரம். அமெரிக்காவின் ஜார்ஜீனா டெரி 1980களிலேயே பெண்களுக்கென்று, முன்னால் 24 அங்குலச் சக்கரம் வைத்த பைக்குகளை விற்றார். பின்னாளில் கேன்யன் தன் சின்ன சைஸ்களில் 700 சி-யை விடச் சிறிய 650 பி சக்கரம் வைத்துப் பார்த்தது. இருந்தாலும் கடைகளில் இவை அரிது. கையில் இருக்கும் பைக்கில் செய்யக்கூடியவை: ரீச் குறைந்த ஹேண்டில்பார், 80 மி.மீ. ஸ்டெம், பிரேக் லீவரை விரலுக்குக் கிட்டே கொண்டுவரும் திருகு, 165 அல்லது 160 மி.மீ. கிராங்க். கிராங்க் குட்டையானால் கால் நுனியும் அத்தனை மி.மீ. பின்னால் போகும். 176 செ.மீ. உயரமுள்ள பந்தய வீரர் டாடே பொகாச்சாரே 165 கிராங்கில் ஓட்டுகிறார்; 155 செ.மீ. உயரக்காரருக்கு 170 கிராங்க் போட்டு விற்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

கை மரத்துப்போகிறது. ஹேண்டில்பார் தூரம் என்று சீட்டை முன்னால் தள்ளினேன், இன்னும் மோசமாகிவிட்டது. ஏன்?

சீட்டின் இடத்தைப் பெடலை வைத்து முடிவு செய்ய வேண்டும், ஹேண்டில்பாரை வைத்து அல்ல. சீட்டை முன்னால் தள்ளினால் உடம்பின் எடை முன்னால் சரிந்து கைமேல் விழும். பின்னால் தள்ளினால் இடுப்பு பின்வாங்கி எடையைக் கால்கள் தாங்கும், கை லேசாகும். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தாலும் இதே கதைதான்: வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள், கை முட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கும். சீட்டைச் சரிசெய்த பிறகும் தூரமாக இருந்தால் ஸ்டெமை மாற்றுங்கள்.

பொதுவாக: முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் சீட் உயரம் என்று முதல் சந்தேகம் வையுங்கள். கழுத்தும் தோளும் வலித்தால் ஹேண்டில்பார் தாழ்வு அல்லது தூரம். மோதிர விரலும் சுண்டுவிரலும் வண்டியை விட்டு இறங்கிய பின்னும் நாள்கணக்கில் மரத்திருந்தால் பைக்கை விடுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

செலவில்லாமல் ஹேண்டில்பாரை உயர்த்த வழி?

ஸ்டெமைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். 6 டிகிரி கோணமுள்ள 100 மி.மீ. ஸ்டெம் என்றால் கைப்பிடி சுமார் 2 செ.மீ. உயரும், 6 மி.மீ. கிட்ட வரும். பார்க்க அழகாக இருக்காது என்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கேபிள்கள் எல்லாம் உள்ளே ஓடும், ஸ்டெமும் பாரும் ஒரே கார்பன் துண்டாக வரும் புதிய பைக்குகளில் இந்த வசதி போச்சு. அதை மாற்றுவதற்கு ஆகும் செலவில் ஒரு சாதாரண சைக்கிளே வாங்கிவிடலாம். அப்படிப்பட்ட பைக் என்றால் வாங்கும் முன்பே ஸ்டெம் நீளத்தை உறுதிசெய்து, மாற்றித் தருவார்களா என்று கடையில் கேட்டுவிடுங்கள்.

ஹைப்ரிட் சைக்கிளில் ட்ராப் ஹேண்டில்பார் போட்டு ரோடு பைக் ஆக்கலாமா?

வேண்டாம். நேரான ஹேண்டில்பாருக்கென்று வடிவமைத்த ஃப்ரேமின் ரீச் ஏற்கெனவே நீளம். ட்ராப் பார் கையை இன்னும் 70, 80 மி.மீ. முன்னால் கொண்டுபோகும். அதற்கு மேல் பிரேக் லீவரின் நீளம் வேறு. ஹைப்ரிட்களில் வரும் வி-பிரேக்குக்கும் ரோடு லீவருக்கும் கேபிள் இழுப்பும் ஒத்துவராது. ஹைப்ரிட்டை விற்றுவிட்டுப் பழைய ரோடு பைக் ஒன்று பார்ப்பது மலிவு.

பழைய பைக்குக்கு அட்டவணை கிடைக்கவில்லை. நானே அளக்க முடியுமா?

முடியும். சமதளத் தரையில், பின்டயர் சுவரைத் தொடும்படி பைக்கை நேராக நிறுத்தி, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தரையிலிருந்து பாட்டம் பிராக்கெட் மையம் வரை அளவெடுங்கள், தரையிலிருந்து ஹெட் டியூபின் மேல் விளிம்பின் நடு வரை அளவெடுங்கள். கழித்தால் ஸ்டாக். அதேபோல் சுவரிலிருந்து அந்த இரண்டு புள்ளிகளுக்கும் அளந்து கழித்தால் ரீச். தூக்குநூல் ஒன்றை ஹெட் டியூபிலிருந்து தொங்கவிட்டால் அளவு துல்லியமாக வரும். அரை செ.மீ. பிசகு இருந்தால் பரவாயில்லை.

விற்பவர் வீட்டில் இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். உங்களுக்கு ஏற்கெனவே வசதியாக இருக்கும் பைக் ஒன்று இருந்தால், நண்பருடையதாக இருந்தாலும் சரி, அதையும் முன்கூட்டியே இப்படி அளந்து எண்களைக் கைபேசியில் குறித்துக்கொண்டு போங்கள்.